அல்சூர் தமிழ் டாக்டரின் கிளினிக்: பின்லாந்தில் காய்ச்சலில் படுத்தபோது கிடைத்த வைத்தியம்

பெங்களூரில் நல்ல டாக்டர் யார் என்று கேட்டால் ஆளுக்கொரு பெரிய ஆஸ்பத்திரி பெயரைச் சொல்வார்கள். நான் சொல்லப் போவது அல்சூரில், ஏரிக்கரைத் திருவள்ளுவர் சிலையிலிருந்து நடந்தே போகிற தூரத்தில், ஒரு சந்துக்குள் இருக்கிற இரண்டு அறைக் கிளினிக்கைப் பற்றி. டாக்டருக்கு எழுபது வயசு தாண்டிவிட்டது. தன் பெயரைப் போட்டு எதுவும் எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார், அதனால் போடவில்லை. ஜோகுபாளையம் பக்கம் வந்து "தமிழ் டாக்டர்" என்று கேட்டால் போதும், பூ விற்கிற அம்மாவே கை காட்டிவிடுவார்.

யாருக்காக எழுதுகிறேன் என்றால், ஐம்பதை ஒட்டிய வயசில் வெளிநாட்டுக்குப் போய் ஓட்டம், சைக்கிள், மலையேற்றம் என்று எதிலாவது இறங்கப் போகிறவர்களுக்காக. இந்த ஊரில் அப்படி நிறையப் பேர் ஆகிவிட்டோம், ஞாயிற்றுக்கிழமை காலையில் கப்பன் பார்க் பக்கம் போனால் தெரியும். டிக்கெட், விசா, ஷூ என்று மாதக்கணக்கில் அலைகிறோம், அங்கே போய் உடம்புக்கு முடியாமல் போனால் என்ன செய்வது என்று மட்டும் யோசிப்பதில்லை. நானும் யோசிக்கவில்லை. எனக்காக இவர் யோசித்தார்.

என் விளையாட்டு ஓரியன்டீரிங். கையில் மேப்பையும் காம்பஸையும் கொடுத்துக் காட்டுக்குள் அனுப்புவார்கள். மேப்பில் வட்டம் போட்ட ஒவ்வொரு இடத்திலும் ஆரஞ்சும் வெள்ளையுமாக ஒரு கொடி தொங்கும், அதற்குக் கன்ட்ரோல் என்று பெயர். வரிசை மாறாமல் ஒவ்வொன்றையும் தேடிப் போய், விரலில் மாட்டியிருக்கிற சின்ன மின்னணுச் சிப்பை அங்கே பதிந்துவிட்டு வரவேண்டும், எந்த வழியாகப் போவது என்பது அவரவர் இஷ்டம், குறைந்த நேரத்தில் முடித்தவருக்கு வெற்றி. இந்தியாவில் இதைப் பெரும்பாலும் ராணுவத்தில்தான் ஆடுகிறார்கள். என் வீட்டுக்காரர் இங்கே அல்சூரிலேயே இருக்கிற எம்.இ.ஜி.யில், அதாவது மெட்ராஸ் சாப்பர்ஸ் என்கிற ராணுவப் பொறியியல் படைப்பிரிவில், சுபேதாராக இருந்து ஓய்வு பெற்றவர். மேப் படிக்க அவர்தான் கற்றுக்கொடுத்தார், முதலில் வீட்டு மொட்டை மாடியில், அப்புறம் துரஹள்ளிக் காட்டில்.

35 வயசானவர்களிலிருந்து தொடங்கி உலக மாஸ்டர்ஸ் போட்டி ஒன்று இருக்கிறது. ஐந்தைந்து வயசாகப் பிரிப்பார்கள், தொண்ணூறைத் தொட்டவர்களும் ஓடுகிறார்கள். நாட்டு அணியில் தேர்வாக வேண்டும் என்பதெல்லாம் இல்லை, பணம் கட்டிப் பெயர் கொடுத்தால் யாரும் போகலாம். 2024 ஆகஸ்டில் அது பின்லாந்தின் துர்கு நகரத்தில் நடந்தது. அந்த வருஷம் எனக்கு 55, பெண்கள் 55 பிரிவில் பெயர் கொடுத்தேன். நான் வேலை பார்க்கிற வங்கியில் மிச்சம் வைத்திருந்த லீவு மொத்தத்தையும் அதற்கே எடுத்தேன்.

கிளம்புவதற்கு மூன்று வாரம் முன்னால், நகரத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் பயண மருத்துவப் பிரிவுக்குத்தான் முதலில் போனேன். ₹4,500 ஆனது. ரத்தம் எடுத்தார்கள், பிரஷர் பார்த்தார்கள், அச்சடித்த தாள் ஒன்றைக் கொடுத்தார்கள். அங்கே போய் என்ன செய்யப் போகிறீர்கள் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. மனசு சமாதானம் ஆகாமல் அன்று மாலையே அல்சூர் டாக்டரிடம் போய் உட்கார்ந்தேன். டோக்கன் 23, உள்ளே போகும்போது மணி எட்டே கால்.

அவர் கேட்ட கேள்விகள் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கின்றன. "எந்த ஊரும்மா, குளிரா வெயிலா? எத்தனை மணி நேரம் ஓடணும்? கூட யார் வர்றாங்க? காட்டுக்குள்ள மயக்கம் போட்டு விழுந்தா யாருக்கு எப்படித் தெரியும்?" கழுத்தில் விசில் இருக்கும், எத்தனை பேர் உள்ளே போனார்கள் எத்தனை பேர் திரும்பினார்கள் என்று சிப் கணக்கை வைத்துப் பார்ப்பார்கள், வராதவர்களைத் தேடிப் போவார்கள் என்று சொன்னேன். மேப்பைக் காட்டச் சொன்னார். பையில் இருந்த பழைய துரஹள்ளி மேப்பை மேஜைமேல் விரித்தேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு குனிந்து பார்த்தார். வெள்ளையாக விட்டிருப்பது தாராளமாக ஓடக்கூடிய காடு, பச்சை ஏற ஏறப் புதர், பழுப்புக் கோடுகள் மேடு பள்ளம், கறுப்பு பாறை, நீலம் தண்ணீர் என்று சொல்லிக்கொண்டு வந்தேன். "அப்போ கீழே பாத்துக்கிட்டே ஓடுவீங்க, கல்லு தடுக்கும்" என்று சொல்லிவிட்டு என் கணுக்கால் இரண்டையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

பேச்சுவாக்கில் ஸ்வீடன் விஷயத்தைச் சொன்னேன். ஓரியன்டீரிங் ஆடுகிறவர்களுக்கு மத்தியில் இது மறக்காமல் சொல்லப்படுகிற செய்தி. 1979-க்கும் 1992-க்கும் நடுவில் அந்த நாட்டில் 16 இளம் ஓரியன்டீரிங் வீரர்கள் திடீரென்று இதயம் நின்று இறந்துபோனார்கள். பெற்றவர்கள் கண்ணெதிரே திடகாத்திரமாக ஓடித் திரிந்த பிள்ளைகள். பரிசோதித்ததில் பலருக்கு இதயத் தசையில் அழற்சி இருந்தது தெரிந்தது. எந்தக் கிருமி காரணம் என்று நிறைய ஆராய்ந்தார்கள். 1992 கடைசியில் அங்கே முன்னணி வீரர்களின் பயிற்சியையும் போட்டியையும் சில மாதங்களுக்கு நிறுத்திவைத்தார்கள், தொற்று இருக்கும்போது ஓடவே கூடாது என்று எல்லோருக்கும் சொன்னார்கள். அதற்கப்புறம் அந்தச் சாவுகள் வருஷக்கணக்கில் இல்லை. டாக்டர் இதைக் கேட்டுவிட்டு ஒன்றும் சொல்லாமல் என் சீட்டின் பின்பக்கத்தில் இரண்டு வரி எழுதி வைத்துக்கொண்டார். அப்புறம், "நாளைக்குக் காலையிலேர்ந்து, படுக்கையை விட்டு எழுந்திரிக்கிறதுக்கு முன்னாடி நாடித்துடிப்பை எண்ணி எழுதுங்க. கிளம்புற வரைக்கும் தினம் எழுதணும்" என்றார். அதை அப்போது நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, ஆனாலும் எழுதினேன். 58, 60, 58, 57 என்று ஒரு நோட்டில் வரிசையாக இருக்கிறது.

மருந்துப் பையைப் பற்றிக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும், இந்தக் கிளினிக்கில் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். ஜிப் வைத்த கண்ணாடிக் கவர், ஒரு பாடப்புத்தக அளவு. ஒவ்வொரு அட்டையிலும் கம்பவுண்டர் அண்ணன் சின்ன வெள்ளைத் தாளை ஒட்டித் தமிழில் எழுதியிருந்தார்: "காய்ச்சல். ஒன்று. ஆறு மணி நேரம் விட்டு. ஒரு நாளைக்கு நாலுக்கு மேல் வேண்டாம்." நடுராத்திரியில் தலை சுற்றும்போது ஆங்கிலத்தில் பொடி எழுத்தில் இருக்கிற பெயரைப் படிக்கக் கஷ்டப்பட்டவர்களுக்கு இந்தத் தாளின் அருமை தெரியும். நம் ஊர் மருந்துக் கடையில் நாலு மாத்திரை கேட்டால் கத்தரிக்கோலால் அட்டையை வெட்டித்தான் கொடுப்பார்கள். இங்கே டாக்டர் வெட்டக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார், விமான நிலையத்தில் யாராவது கேட்டால் மருந்தின் பெயரும் தேதியும் முழுசாகத் தெரிய வேண்டும், கூடவே சீட்டும் இருக்க வேண்டும் என்று. 650 மில்லிகிராம் பாராசிட்டமால், சளிக்கு செட்ரிசின், ஓ.ஆர்.எஸ். பொட்டலம் பத்து, ஒன்றை ஒரு லிட்டர் தண்ணீரில்தான் கரைக்க வேண்டும், டம்ளரில் கரைத்துக் குடிக்கக்கூடாது என்று அதிலும் எழுதியிருந்தது. பேண்டேஜ், உண்ணி எடுக்க ஒரு கூர்மையான இடுக்கி. துர்குவைச் சுற்றியுள்ள கடலோரப் பகுதியில் உண்ணிக்கடி அதிகம், அதனால் காய்ச்சல் வகைகளும் வரும், காட்டிலிருந்து வந்தவுடன் முழங்கால் மடிப்பு, அக்குள், இடுப்பு எல்லாம் பார்த்துவிட வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தார். எல்லாம் சேர்த்து ₹1,180. டாக்டர் ஃபீஸ் ₹300.

முதல் நாள் கொடுத்த பையில் வேறொரு சளி மாத்திரையும் இருந்தது. மறுநாள் காலை கம்பவுண்டர் அண்ணன் போன் செய்து, அதைத் திருப்பிக் கொண்டுவரச் சொன்னார். நான் போட்டியில் ஊக்கமருந்துச் சோதனை விதிகளும் உண்டு என்று சொன்னதை வைத்து டாக்டர் ராத்திரி உட்கார்ந்து தடைப் பட்டியலைப் படித்திருக்கிறார். அந்த மாத்திரையில் சூடோஎபெட்ரின் இருந்தது. போட்டி நாளில் சிறுநீரில் அது ஒரு மில்லிலிட்டருக்கு 150 மைக்ரோகிராமைத் தாண்டினால் தடை. மாத்திரையை வாங்கிக்கொண்டு பணத்தையும் திருப்பிக் கொடுத்தார்கள். 55 வயசுப் பெண்ணுக்கு யார் சோதனை செய்யப் போகிறார்கள் என்று வேறு யாராக இருந்தாலும் விட்டிருப்பார்கள். நான் ஒரு போட்டியாளர் என்பதை என் குடும்பத்தில் சிலரே இன்னும் ஏற்றுக்கொள்ளவில்லை, இவர் ஏற்றுக்கொண்டார். அது எனக்குப் பெரிய விஷயம்.

கடைசியாக ஒரு கடிதம். ஆங்கிலத்தில், கையெழுத்தில், ஒரே பக்கம். என் ரத்தப் பிரிவு, பிரஷர், என்ன மருந்து சாப்பிடுகிறேன், என்ன ஒத்துக்கொள்ளாது, வழக்கமான நாடித்துடிப்பு. அதற்குக் கீழே தனியாகக் கோடு போட்டு: இவர் பெங்களூரிலிருந்து வருகிறார், அங்கே இப்போது டெங்கு பரவிக்கொண்டிருக்கிறது, வந்த பத்து நாளுக்குள் காய்ச்சல் கண்டால் டெங்குவையும் மனசில் வைத்துப் பாருங்கள், இல்லை என்று தெரியும்வரை இப்யூபுரோஃபனும் ஆஸ்பிரினும் வேண்டாம். 2024 ஜூலையில் இந்த ஊரில் இருந்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும், தெருவுக்கு இரண்டு வீட்டில் டெங்கு.

துர்கு போய்ச் சேர்ந்தது இப்படி: பெங்களூரிலிருந்து வளைகுடா வழியாக ஹெல்சிங்கி, அங்கிருந்து இரண்டு மணி நேர ரயில். ரயிலிலேயே தொண்டை கரகரத்தது. அறைக்கு வந்து படுத்தவள் எழுந்தபோது உடம்பு அனலாகக் கொதித்தது. தெர்மாமீட்டரில் 101.8. வெளியே இரவு பத்து மணி ஆகியும் வெளிச்சம் போகவில்லை, திரைச்சீலையை இழுத்தாலும் ஓரத்தில் வெளிச்சம் வழிந்தது, நேரம் என்ன என்றே பிடிபடவில்லை. தனியாக வந்திருந்தேன். அம்மாவை நினைத்துக்கொண்டேன். அம்பாசமுத்திரத்தில் எங்களுக்குக் காய்ச்சல் வந்தால் நெற்றியில் பற்றுப் போட்டுவிட்டு விடிய விடிய பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள்.

காலையில் பயணக் காப்பீட்டுக்காரர்களின் உதவி எண்ணுக்கு அடித்தேன். விசாவுக்குக் கட்டாயம் என்று பணம் கட்டி எடுத்தது. நாற்பது நிமிஷம் காத்திருந்து, மூன்று பேரிடம் பாலிசி எண்ணைச் சொல்லி, கடைசியில் கோரிக்கைப் படிவத்தை மெயிலில் அனுப்புகிறோம் என்றார்கள். நான் கேட்டது எந்த டாக்டரிடம் போவது என்பதை. அதற்குப் பதில் வரவில்லை.

அங்கே மணி மூன்றரை ஆகும்வரை பொறுத்திருந்தேன், அப்போதுதான் அல்சூரில் ஆறு மணி, கிளினிக் திறக்கும் நேரம். வாட்ஸ்அப்பில் கூப்பிட்டேன். கம்பவுண்டர் அண்ணன் எடுத்தார், உள்ளே நோயாளி இருந்தும் போனைக் கொண்டுபோய் டாக்டர் கையில் கொடுத்துவிட்டார்.

"எத்தனைம்மா காய்ச்சல்? மூக்கு ஒழுகுதா? கண்ணுக்குப் பின்னாடி வலிக்குதா? உடம்புல சிவப்பா புள்ளி ஏதாவது? வயித்து வலி? ஒண்ணுக்குச் சரியா போகுதா?"

ஒவ்வொன்றாகச் சொன்னேன். மூக்கு ஒழுகல், தொண்டை வலி, உடம்பு வலி, புள்ளி இல்லை.

"சாதாரண வைரஸ் மாதிரிதான் தெரியுது. ஆனா நீங்க இந்த ஊர்ல இருந்து போயிருக்கீங்க, நான் இங்க உக்காந்துகிட்டு டெங்கு இல்லைன்னு சொல்ல முடியாது. கடுதாசியை எடுத்துக்கிட்டு இன்னைக்கே அங்க ஒரு டாக்டரைப் பாருங்க. நாளைக்குன்னு தள்ளாதீங்க."

போனேன். நர்ஸ் கடிதத்தை வாங்கி நின்றபடியே படித்தார், கோடு போட்டிருந்த இடத்தில் நிறுத்தி இன்னொரு தடவை படித்தார், உள்ளே எடுத்துக்கொண்டு போய்விட்டார். ஐந்து நிமிஷத்தில் டாக்டரம்மா ஒருவர் அதைக் கையில் வைத்துக்கொண்டே வந்தார். நான் ஒன்றும் விளக்க வேண்டியிருக்கவில்லை. விரலில் குத்தி, உடம்பில் அழற்சி எவ்வளவு என்று காட்டுகிற சிஆர்பி சோதனை பார்த்தார்கள், ரத்த அணுக்கள் எண்ணினார்கள், டெங்குவுக்குத் தனியாக ரத்தம் எடுத்து அனுப்பினார்கள். தட்டணுக்கள் சரியாக இருந்தன, டெங்கு இல்லை என்று மறுநாள் வந்தது. இந்தக் கடிதத்தை எழுதியவர் கவனமானவர் என்று அந்த டாக்டரம்மா சொன்னார். அதை அப்படியே அல்சூருக்குச் சொன்னேன், "சரி சரி, தண்ணி குடிக்கிறீங்களா" என்றார்.

முதல் இரண்டு ஓட்டம் ஊருக்குள் நடக்கிற ஸ்பிரிண்ட். சின்ன ஓட்டம், கால் மணி நேர வேலைதான். மாத்திரை போட்டால் இரண்டு மூன்று மணி நேரம் காய்ச்சல் இறங்குகிறது, அந்த நேரத்துக்குள் ஓடி முடித்துவிடலாமே என்று கணக்குப் போட்டேன். ஒரு வருஷம் பயிற்சி எடுத்திருக்கிறேன், இத்தனை லட்சம் செலவு செய்திருக்கிறேன், மார்பில் மாட்ட வேண்டிய எண் மேஜைமேல் கிடக்கிறது. டாக்டரைக் கூப்பிட்டுக் கெஞ்சினேன் என்றே சொல்ல வேண்டும்.

அவர் கோபப்படவில்லை. போனில் காகிதம் திருப்புகிற சத்தம் கேட்டது. "ஸ்வீடன் பசங்க பதினாறு பேர்னு நீங்கதானேம்மா எனக்குச் சொன்னீங்க. இதோ எழுதி வெச்சிருக்கேன். மாத்திரை சூட்டைத்தான் இறக்கும், உள்ள இருக்கிற வைரஸ் அங்கேயேதான் இருக்கும். கழுத்துக்கு மேல வெறும் மூக்கடைப்புன்னா யோசிக்கலாம். காய்ச்சல் இருக்கு, உடம்பு வலி இருக்கு, இப்ப ஓடினா இதயத்துக்கு ஆபத்து. கூடாது." அப்புறம் கொஞ்சம் இடைவெளி விட்டு, "இன்னைக்குக் காலையில நாடி எத்தனை?" என்று கேட்டார். 84. "ஊர்ல 58. பாத்தீங்களா?"

அந்த நோட்டு எதற்கு என்று அப்போதுதான் புரிந்தது. வாட்ச் சொன்னால் சந்தேகப்பட்டிருப்பேன், யாரோ ஒரு டாக்டர் பொதுவாகச் சொன்னாலும் விதிவிலக்கு தேடியிருப்பேன், என் கையால் நானே எண்ணி எழுதின எண்களோடு சண்டை போட முடியவில்லை. இரண்டு ஸ்பிரிண்டும் போயின. படுத்துக்கொண்டு கஞ்சி மாதிரி ஓட்ஸைக் கரைத்துக் குடித்தேன், அழுதேன், தூங்கினேன்.

அவர் வைத்த நிபந்தனைகள்: மாத்திரை இல்லாமல் 48 மணி நேரம் காய்ச்சல் வரக்கூடாது. காலை நாடித்துடிப்பு ஊரில் இருந்த எண்ணுக்குப் பக்கத்தில் வரவேண்டும். அப்படி வந்தாலும் ஓட்டம் கிடையாது, நடை மட்டும், ஒவ்வொரு கன்ட்ரோலிலும் நின்று நாடியைப் பிடித்துப் பார்க்க வேண்டும், 110-ஐத் தாண்டினால் அது இறங்கும்வரை நகரக்கூடாது. நெஞ்சில் வலி, படபடப்பு, மூச்சு வாங்கல் எது வந்தாலும் விசில் ஊதிவிட்டு உட்கார்ந்துவிட வேண்டும். காட்டு ஓட்டத்தின் தகுதிச் சுற்றுக்கு முந்தைய இரவோடு இரண்டு நாள் முழுசாக ஆகியிருந்தது. காலையில் எண்ணினேன், 62. படம் பிடித்து அனுப்பினேன். "நடங்க" என்று ஒரே வார்த்தையில் பதில் வந்தது.

தொடக்கத்தில் மூன்று கட்டமாக நிற்க வைப்பார்கள், நிமிஷத்துக்கு ஒரு கட்டம் முன்னே போக வேண்டும். முதல் கட்டத்தில் பெயர் சரிபார்ப்பு, அடுத்ததில் எந்தக் கொடி எதன் பக்கத்தில் இருக்கிறது என்ற குறிப்புத் தாள், கடைசியில் மேப். பீப் அடித்ததும் என்னோடு நின்ற மற்ற பெண்கள் மான் மாதிரி பாய்ந்தார்கள். நான் நடந்தேன்.

அந்தக் காட்டைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. வழுவழுப்பான கருங்கல் பாறை, அதன்மேல் சாம்பல் நிறத்தில் காய்ந்த பாசி, மிதித்தால் அப்பளம் மாதிரி நொறுங்கும். பாறை முடிந்த இடத்தில் கணுக்கால் அமிழும் பஞ்சுப் பாசி. தரை முழுக்க நீலநிறப் பழச் செடி, காய்த்துத் தொங்கியது. ஓடியிருந்தால் இதில் எதையும் பார்த்திருக்க மாட்டேன். துரஹள்ளியில் பழகின கண்ணுக்கு முதலில் எல்லா மேடும் ஒரே மாதிரி இருந்தது. இரண்டாவது கன்ட்ரோலில் ஒரு பாறை இடுக்கைத் தேடி ஆறு நிமிஷம் சுற்றினேன். நாலாவதிலிருந்து மேப் பேச ஆரம்பித்தது: இதோ இந்தச் சின்னச் சதுப்பு, அதன் மூக்கில் ஒரு பாறை, அதைத் தாண்டி இரண்டு பழுப்புக் கோடு ஏறினால் கொடி. ஏறினேன், கொடி இருந்தது. பாறைமேல் உட்கார்ந்து மணிக்கட்டைப் பிடித்தேன், 104. இரண்டு நிமிஷம் உட்கார்ந்திருந்தேன். ஒரு எழுபது எண்பது வயசு அம்மா என்னைக் கடந்து போகும்போது நின்று, நலமா என்று கை அசைத்துக் கேட்டார். நலம் என்று கை காட்டினேன்.

இடையில் ஒரு விஷயம், காம்பஸ் கொண்டு போகிறவர்களுக்காக. நம் ஊருக்கென்று சமன் செய்த காம்பஸ் அங்கே உதவாது. பூமியின் காந்தப்புலம் தென்னிந்தியாவில் கிட்டத்தட்டக் கிடைமட்டம், காந்த நடுக்கோடே திருநெல்வேலிப் பக்கம்தான் போகிறது. துர்குவில் அது 70 டிகிரிக்கும் மேல் சாய்ந்து தரைக்குள் இறங்குகிறது. என் காம்பஸின் முள் வடக்கு முனையில் கீழே அமுங்கி உரசி நின்றது. போட்டி இடத்துக் கடையில் வட பகுதிக்கான, பெருவிரலில் மாட்டிக்கொள்கிற காம்பஸ் வாங்கித்தான் நடந்தேன், முள் சட்டென்று நின்றது. இதை டாக்டரிடம் சொன்னபோது பிரஷர் பார்ப்பதைக்கூட நிறுத்திவிட்டுக் கேட்டார்.

எல்லாக் கொடியையும் பிடித்தேன். ஒரு மணி 47 நிமிஷம். இந்த நேரத்தை வைத்து இறுதி ஓட்டத்துக்குப் பல பிரிவாகப் பிரிப்பார்கள், எனக்குக் கடைசிப் பிரிவில்தான் இடம் கிடைத்தது. கடைசி நாள் லாங் என்கிற நீண்ட ஓட்டத்திலும் அதே நடை, அதே எண்ணிக்கை, அதிலும் ஒரு கன்ட்ரோலைக்கூட விடவில்லை. முடிவுப் பட்டியலில் என் பெயருக்கு எதிரே நேரம் போட்டிருக்கிறது. அதற்காகத்தான் போனேன், அது கிடைத்தது.

குறை இல்லாமல் இல்லை. பையில் வைத்த தெர்மாமீட்டர் பாரன்ஹீட் மட்டும்தான் காட்டும், அங்கே 101.8 என்றால் யாருக்கும் புரியவில்லை, 38.8 என்று போனில் கணக்குப் போட்டுச் சொல்ல வேண்டியிருந்தது. அதோடு மூன்றாம் நாள் பேட்டரியும் மங்கிவிட்டது. திரும்பி வந்ததும் சொன்னேன், இப்போது இரண்டு அளவும் காட்டுகிறதை வைக்கிறார்கள். மாலை நேரத்தில் ஒன்றரை மணி நேரம் காத்திருக்க வேண்டும், உட்கார ஆறு நாற்காலிதான், மழை வந்தால் சந்தில் தண்ணீர் நிற்கும். வண்டி நிறுத்த இடமே இல்லை, அல்சூர் மெட்ரோவில் இறங்கி நடப்பதுதான் உத்தமம். வங்கிக் கார்டு வாங்க மாட்டார்கள், பணம் அல்லது யுபிஐ. கிளினிக் மூடியிருக்கும் நேரத்தில் போன் எடுக்க ஆள் கிடையாது, ஆகவே அவசரத்துக்கு இதை மட்டும் நம்பக் கூடாது. பின்லாந்தில் 112, அந்தந்த நாட்டு எண்ணை மேப் உறையிலேயே எழுதி வையுங்கள். தடுப்பூசிகளும் இங்கே எல்லாம் கிடைக்காது, எது வேண்டும் என்று எழுதிக் கொடுத்து வெளியே அனுப்புவார்.

ஊருக்கு வந்த மறுவாரம் போனேன். இ.சி.ஜி. எடுத்தார், ₹250, சரியாக இருந்தது. இன்னும் இரண்டு வாரம் மெதுவாகத்தான் ஓட வேண்டும் என்றார். துர்கு மேப்பை விரித்துக் காட்டச் சொன்னார். எங்கெங்கே உட்கார்ந்து நாடி பார்த்தேன் என்று ஒவ்வொரு வட்டமாக விரல் வைத்துக் கேட்டார். பதினோரு இடம். வெளியே டோக்கன் 31 வரை ஆட்கள் இருந்தார்கள், கம்பவுண்டர் அண்ணன் இரண்டு தடவை எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

காலை 9:30 முதல் 1 மணி, மாலை 6 முதல் 9. ஞாயிறு கிடையாது. மாலை டோக்கன் ஐந்தரைக்கே கொடுக்க ஆரம்பிப்பார்கள். பயண ஆலோசனைக்கு என்றால் கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்னாலேயே, கூட்டம் குறைவான காலை நேரத்தில் போங்கள், போட்டி விவரத்தையும் இப்போது சாப்பிடுகிற மாத்திரை அட்டைகளையும் கையோடு எடுத்துக்கொண்டு போங்கள், நாடித்துடிப்பு எழுத ஒரு சின்ன நோட்டும்.